பலகையில் எழுதாதது

விண்ணப்பத்தில் அதற்கு ‘விரைவுச் சிறகு’ என்று பெயர். பேராசிரியர் யோசித்து யோசித்து வைத்தது. பெயர் வைத்ததோடு தன் கடமை முடிந்தது என்று அவர் கழன்றுகொண்டார். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெயரை யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. முதல் மாதம் ‘ட்ரோன்’ என்றார்கள். அது முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பிய வாரம் ‘நம்ம பிள்ளை’ என்றார்கள். இப்போது பதினோரு நாளாக மூன்று பேரும் வாய் கூசாமல் சொல்வது ‘சனியன்’.

சனியன் மேசை மேல் ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது. நாலு கை, நாலு விசிறி, நடுவில் ஒரு தட்டு. தட்டின் மேல்பக்கம் பேட்டரி, அடிப்பக்கம் மருந்துப் பெட்டி. ஒரு கிலோ மருந்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த அவ்வளவுதான் மூன்று பேரின் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த மூன்று பேருக்கும் பட்டப்பெயர்கள் உண்டு. எப்போதும் காதோரம் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு திரிகிறவள் திருப்புளி. கை, விசிறி, பெட்டி, ஆணி எல்லாம் அவள் பாடு. பறக்கவைக்கும் புரோகிராமை எழுதுகிறவன் முணுமுணு. அவன் பேசுவது அவன் சட்டைக் காலருக்கு மட்டும்தான் கேட்கும். இவர்களுக்குத் தலைவி மேஸ்திரி. கட்டட வேலையில் ஆள்களை விரட்டுவதுபோல் விரட்டுவாள் என்பதால் வந்த பெயர். கோபம் அவளுக்கு எப்போதும் மூக்கு நுனியில். ஆனால் நாலு மணி நேர வேலை இருந்தால் ஆறு மணி நேரம் அவளே முதலில் நிற்பாள் என்பதால் மற்ற இருவரும் பொறுத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி போட்ட சட்டம் ஒன்று சுவரில் இருந்தது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பலகை, அதன் உச்சியில் சிவப்பு மையில் அவள் கையெழுத்து: ‘எதை மாற்றினாலும் எழுது. எப்போது, யார் என்றும் எழுது.’ ஆணி மாற்றினால் எழுத வேண்டும். ஒயரின் நிறம் மாறினால் எழுத வேண்டும். திருப்புளி ஒருமுறை தன் ரப்பர் பேண்டைக் கழற்றி ட்ரோனின் ஒரு கையில் சுற்றியதற்குக்கூட எழுதவைத்தாள். சட்டம் நல்ல சட்டம்தான். அதைப் போட்டவளே அதற்கு உட்பட்டவள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் சேர்த்து.

இத்தனை பாடும் அவளுடைய அக்காவுக்காக. அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். மருந்துக் கிடங்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம், கல்லூரியை ஒட்டிய பெரிய ஆஸ்பத்திரியில். நடுவிலிருந்த பாலத்தைப் பழுது பார்க்கிறோம் என்று மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. எட்டு மாதத்தில் இரண்டு தூண்களுக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. மருந்து வண்டி நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ஊசிக்கு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போய்விடுவார்கள். போகிறபோது அவர்கள் பாலத்தைத் திட்டுவதில்லை, அக்காவைத்தான் திட்டுவார்கள்.

ஒருநாள் அக்கா வாய் விட்டுவிட்டாள். இரண்டு ஆஸ்பத்திரிக்கும் தலைவரான பெரிய டாக்டர் நடத்திய கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, “என் தங்கச்சி பண்ணிக் குடுப்பா சார், நாலு நிமிஷத்துல மருந்து வந்துடும், நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டாள். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. பாலம் திறக்கிறவரை தினமும் பறக்கவிடலாம், ஆனால் ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கல்லூரியும் நகராட்சியும் எழுத்தில் அனுமதி கொடுத்தன. வியாழக்கிழமை காலை பத்து மணி என்று நாள் குறித்தாயிற்று. அன்றிலிருந்து அக்காவின் சக ஊழியர்கள் அவளை ‘விமானக் கம்பெனி’ என்று கூப்பிடுகிறார்களாம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பெட்டி தயாராவதற்கு முன் ஒரு கிலோ மணலைப் பையில் கட்டித் தொங்கவிட்டுப் பறக்கவிட்டார்கள். நாற்பத்தாறு முறை. நாற்பத்தாறு முறையும் கோடு போட்டதுபோல் போய், குறித்த இடத்தில் இறங்கியது. பிறகு பெட்டி வந்தது. வெள்ளை நிறம், உள்ளே குளிர் காக்கும் பஞ்சுத் தகடு, மேலே இறுக்கமான கொக்கி போட்ட மூடி. மேஸ்திரி அதை அக்காவிடம் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு திறந்து பார்த்தாள். கொக்கி அசையவில்லை. நகத்தால் நெம்பினாள், கையுறைதான் கிழிந்தது.

“என்னடி இது, நகை வச்ச பெட்டியா? இதைத் தொறக்குறதுக்குள்ள நோயாளிக்குக் காய்ச்சலே எறங்கிடும்.”

“சரி, விடுக்கா. நான் பாத்துக்கிறேன்.”

அன்றைக்கே கொக்கியைப் பிடுங்கிவிட்டு, மூடியின் உள்விளிம்பில் நாலு மூலைக்கும் நாலு காந்த வில்லைகளைப் பதித்தாள். பொத்தான் அளவு வில்லைகள், ஆனால் பிடித்தால் விடாத ரகம். எதிரே பெட்டி விளிம்பில் நாலு இரும்பு வளையம். வில்லைகளின்மேல் பஞ்சுத் தகட்டை ஒட்டி மறைத்தாள். மூடியை அருகில் கொண்டுபோனால் ‘டக்’கென்று தானே பிடித்துக்கொண்டது, கையுறை விரலால் தள்ளினால் திறந்துகொண்டது. அக்கா நாலைந்து முறை திறந்து மூடிச் சிறுபிள்ளைபோல் விளையாடினாள். மேஸ்திரிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. மறுநாள் பெட்டியைத் தட்டின் அடியில் மாட்டிப் பலகையில் ‘பெட்டி மாட்டியாயிற்று’ என்று எழுதினாள். மூடியைப் பற்றி எழுதவில்லை. மூடி பறக்கவா போகிறது?

அன்றுதான் பிடித்தது சனி.

மேலே எழும்பும் வரை அழகாக எழும்பியது. ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் மெல்ல வட்டமடிக்க ஆரம்பித்தது. சின்ன வட்டம், பெரிய வட்டம், அதைவிடப் பெரிய வட்டம். முணுமுணு அவசரப் பொத்தானை அழுத்தி இறக்கினான். இறங்கிய இடம் கல்லூரியின் சைக்கிள் கொட்டகை.

மேஸ்திரி பலகையைப் பார்த்தாள், முணுமுணுவைப் பார்த்தாள்.

“நீ ஏதாவது மாத்தினியாடா?”

அவன் காலருக்குள் எதையோ சொன்னான்.

“சத்தமாச் சொல்லு!”

“எறங்குற வேகத்தைக் கொஞ்சம் கொறச்சேன். நேத்து. எழுத மறந்துட்டேன்.”

அவ்வளவுதான். அவள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். பலகையில் அவன் பெயரைச் சிவப்பு மையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். அவன் பழைய புரோகிராமையே திரும்பப் போட்டான். பெட்டியைக் கழற்றி மணல்பையோடு விட்டார்கள், பறந்தது. பெட்டியை மாட்டினார்கள், வட்டமடித்தது. “நீ முழுசா மாத்தல” என்றாள். அவன் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி போட்டான். வட்டமடித்தது. அடுத்த நாள் அவன் பெயர் இன்னொரு முறை பலகையில் ஏறியது.

மூன்றாம் நாள் குற்றம் திருப்புளி பக்கம் திரும்பியது. பெட்டியின் பக்கங்கள் அகலம், காற்று பிடித்துத் தள்ளுகிறது என்றார்கள். திருப்புளி பெட்டியின் மூலைகளைத் தேய்த்தாள், ஓட்டை போட்டாள், கைகளின் நீளத்தை மாற்றினாள், விசிறிகளை மாற்றினாள். ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் பலகையில் எழுதினாள். பலகை நிறைந்துபோய்ப் பக்கத்துச் சுவரில் காகிதம் ஒட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் தண்ணீர் பாட்டிலை வைத்து மூடுவார்கள். ‘டக்’ என்று மூடிக்கொள்ளும். “மூடி மட்டுந்தாண்டி ஒழுங்கா வேலை செய்யுது” என்று திருப்புளி ஒருமுறை சொன்னாள். அந்த ‘டக்’கைப் பதினோரு நாளும் மூன்று பேரும் ஆறு காதுகளால் கேட்டார்கள். சொன்னால் வெட்கக்கேடு.

முணுமுணு இடையில் இரண்டு மூன்று தடவை, “காம்பஸ்...” என்று ஆரம்பித்தான். வடக்கு எந்தப் பக்கம் என்பதை ட்ரோன் ஒரு சின்ன காம்பஸ் சில்லை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அது தட்டின் அடிப்பக்கம், பெட்டிக்கு நேர் மேலே இருந்தது. அது சரியில்லை என்று திரையில் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்து இரும்பு மேசையில் வைத்தாலே அந்த எச்சரிக்கை வரும், முதல் நாளிலிருந்தே வரும். அதனால் அதற்கு அங்கே மரியாதை போய் ரொம்ப நாளாகியிருந்தது.

“அது எப்பவும் கத்துறதுதானே? உன் புரோகிராமைப் பாரு, காம்பஸ் மேல பழி போடாதே” என்று மேஸ்திரி வெட்டிவிட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடினானா இல்லையா என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை மாலை அதிசயம் நடந்தது. மேஸ்திரி மூடியில் மருத்துவமனையின் பெயரை அச்சடித்து ஒட்டி, பசை காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்திருந்தாள். மூடி இல்லாமலே பாட்டிலைப் பெட்டிக்குள் கட்டிப் பறக்கவிட்டார்கள். கம்பீரமாகப் போய், மைதானத்தின் மறுமுனையில் போட்டிருந்த துணியின் நடுவில் இறங்கியது. இன்னொரு முறை விட்டார்கள், மறுபடி அதே இடத்தில் இறங்கியது. திருப்புளி துள்ளிக் குதித்தாள். கையின் நீளத்தைக் கடைசியாக அவள்தான் மாற்றியிருந்தாள், எனவே பெருமை அவளுக்குப் போயிற்று. முணுமுணுகூடப் பல் தெரியச் சிரித்தான். மூன்று பேரும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். பாவிகள்.

வியாழன் காலை மைதானம் பளிச்சென்று இருந்தது. காற்று இல்லை, மேகம் இல்லை, சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய டாக்டர் பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே காரில் வந்து இறங்கினார். பேராசிரியரும் எங்கிருந்தோ முளைத்துவிட்டார். அக்கரையில் அக்கா மாடியில் வெள்ளை விரிப்பைப் போட்டு அதில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டிக் காத்திருந்தாள். போனில் அவள் குரல் துள்ளியது. “மாடி முழுக்க ஆளுடி. ஊசி போட வந்தவங்களும் மேல ஏறிட்டாங்க. சீக்கிரம் விடு!”

பெரிய டாக்டரே தன் கையால் மருந்தைப் பெட்டிக்குள் வைத்தார். பெயர் ஒட்டிய மூடியை மேஸ்திரி மூடினாள். ‘டக்.’

எழும்பியது. ஆறு மீட்டரில் நின்றது. பேராசிரியர் கைதட்டினார். அவர் கை ஓயும் முன்பே அது மெல்ல இடது பக்கம் சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கியது.

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. சின்ன வட்டம், பெரிய வட்டம். முணுமுணு பொத்தானை அழுத்தினான். அதற்குள் அது காலி மைதானத்துக் கால்பந்துக் கம்பத்தில் போய் முட்டி, விசிறி ஒன்று தெறித்து, புல்லில் விழுந்தது. பெட்டி தனியே, மூடி தனியே, ஆணிகள் தனித்தனியே.

பெரிய டாக்டர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “நல்ல முயற்சிம்மா. பரீட்சையெல்லாம் எப்ப?” என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது அவளுக்கு.

“சார், இன்னும் பத்து நிமிஷம் மட்டும்...”

“ஆபரேஷன் இருக்கு. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். வண்டியே இருக்கட்டும்.” கார் கதவு சாத்திக்கொண்டது. அதே காரில் பேராசிரியரும் ஏறிக்கொண்டார்.

போன் அடித்தது. எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. எடுக்காமலும் இருக்க முடியவில்லை.

“பாத்தேன்டி” என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் யாரோ ‘விமானக் கம்பெனி’ என்று சொல்வதும், நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டது. அக்கா வைத்துவிட்டாள்.

மேஸ்திரி திரும்பி முணுமுணுவைப் பார்த்து வாயைத் திறந்தாள். என்ன வந்திருக்குமோ தெரியாது. அப்போது புல்லில் மண்டியிட்டு ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த திருப்புளி கூப்பிட்டாள்.

“ஏய், இங்க பாரேன். இந்த மூடி எனக்கு வேலையே வைக்கல. எல்லா ஆணியும் இதுலயே வந்து ஒட்டியிருக்கு.”

மல்லாந்து கிடந்த மூடியின் நாலு மூலையிலும் கொத்துக் கொத்தாக ஆணிகள். திருப்புளி ஒன்றைப் பிய்த்தாள், விட்டாள், அது திரும்ப ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

“காந்தம்” என்றான் முணுமுணு. அவன் பேசியதில் முதன்முதலாக ஊருக்கே கேட்கும்படி வந்த வார்த்தை அதுதான். “காம்பஸுக்கு நேர் கீழ காந்தம். நேத்து மூடி இல்ல. அதான் பறந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினான். “இதை யாரு வச்சது? பலகையில இல்லையே.”

மேஸ்திரி புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன்னையே விரலால் சுட்டிக் காட்டினாள். அவன் பெயரைச் சிவப்பில் எழுதி எழுதிப் பேனா தீர்ந்து, போன வாரம்தான் புதுப் பேனா எடுத்திருந்தாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தட்டும், காது கிழியக் கத்தட்டும் என்றுகூட நினைத்தாள். அவன் பழையபடி காலருக்குள் எதையோ சொல்லிவிட்டு ட்ரோனைத் தூக்கிக்கொண்டான்.

“என்னடா சொன்ன?”

“புது விசிறி எங்கன்னு கேட்டேன்.”

இருபது நிமிடம் ஆயிற்று. திருப்புளி விசிறியை மாற்றினாள். மூடியைத் தூர எறிந்துவிட்டு, உடையாமல் தப்பிய மருந்தைத் திரும்ப உள்ளே வைத்து, அட்டை ஒன்றை வெட்டிப் பெட்டி வாயில் வைத்து, பழுப்பு டேப்பால் சுற்று சுற்று என்று சுற்றினார்கள். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தாள். பெரிய டாக்டர் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார் என்றார்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள்.

“மறுபடி மாடிக்குப் போக்கா.”

“எதுக்குடி? விரிப்பை மடிச்சாச்சு. ஆளெல்லாம் எறங்கியாச்சு. வண்டிக்குச் சொல்லியாச்சு. அவர் போன் பண்ணி, இனிமே கூட்டத்துல யோசிச்சுப் பேசும்மான்னு சொன்னார். போதுமா?”

“அக்கா, ஒரே ஒரு தடவை. கெஞ்சிக் கேக்குறேன்.”

அந்தப் பக்கம் படி ஏறும் செருப்புச் சத்தம் கோபமாகக் கேட்டது.

சனியன் எழும்பியது. ஆறு மீட்டரில் நின்றது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு அது மூக்கைத் திருப்பி, யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராக ஆற்றை நோக்கிப் போயிற்று. சாரம் கட்டிய பாலத் தூண்களின் மேலே, தண்ணீரின் மேலே, ஒரு இம்மி வளையாமல். கைதட்ட ஒருவரும் இல்லை. கல்லூரிக் காவலாளி மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, “பத்து மணிக்குன்னு சொன்னாங்களே?” என்றார். மேஸ்திரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இதே சனியன், இதே ஆகாயம், அரை மணி நேரம் முன்னால் மட்டும் ஏன் இப்படிப் போகவில்லை?

“வந்துடுச்சுடி” என்றாள் அக்கா போனில். “சரியா நடுவுல எறங்கிடுச்சு. மூணு நிமிஷம் அம்பது விநாடி.” குரல் கரகரத்தது. “பாவி, இப்ப வந்து என்ன பிரயோஜனம்?”

அக்கரையில் அக்கா முக்குவதும் முனகுவதும், விரல் டேப்பைச் சுரண்டிச் சுரண்டி வழுக்குவதும் கேட்டது.

“இதென்னடி, இத்தனை சுத்துச் சுத்தியிருக்கீங்க? கையுறையோட ஒரு முனைகூட அகப்படல. அந்தக் காந்த மூடி எங்க? எவ்வளவு நல்லா இருந்துச்சு!”

பக்கத்தில் திருப்புளி வேறு பக்கம் பார்த்தாள். முணுமுணு தன் காலரைப் பார்த்தான். எதையாவது சொல்லி மழுப்பலாம், மூடி உடைந்துவிட்டது என்றால் அக்கா நம்பிவிடுவாள். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த மூடியாலதான்க்கா விழுந்துச்சு. காந்தம் காம்பஸைக் கெடுத்துடுச்சு. இப்பதான் கண்டுபிடிச்சோம்.”

டேப் சத்தம் நின்றது. பிறகு சின்னக் குரலில் அக்கா கேட்டாள்.

“நான் கேட்டேன்னுதானே வச்ச?”

“நீ கேட்டதுல தப்பில்லக்கா. நான்தான் எழுதல.”